லியாண்டர் ஸ்னூக்கின் காலைத் தேநீரும் ஒரு தாழ்ப்பாளும்

சைலஸ் ஆர்ம் என்ற எங்கள் கடலோர ஊரில் மற்றவர்கள் குடிப்பதைத் தேநீர் என்று லியாண்டர் ஸ்னூக் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பெருந்தன்மையான மனிதர் என்பதால் அதை வெந்நீர் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்.

அவருடைய தேநீர் வேறு. விடியுமுன் விறகடுப்பு எரியத் தொடங்கிவிடும். எனாமல் கூஜாவில் கை நிறையத் தேயிலை, அதன்மேல் கொதிக்கும் தண்ணீர். அப்புறம் கூஜா அடுப்பின் பின்மூலைக்குத் தள்ளப்படும். பகல் முழுவதும் அது அங்கே உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும். குறைந்தால் தண்ணீர், வெளுத்தால் இன்னொரு பிடி தேயிலை. பழைய தூளைக் கொட்டுவது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான், அதுவும் மறுநாள் ஞாயிறு என்ற மரியாதைக்காக. மத்தியானத்துக்குள் அது படகுக்குப் பூசும் தாரின் பதத்துக்கு வந்திருக்கும். அதில் டின் பால். டப்பாவின் தலையில் ஆணியால் எதிரெதிரே இரண்டு ஓட்டை. ஒன்று பால் வெளியே வர, மற்றது காற்று உள்ளே போக. பசும்பால் கன்றுக்குட்டிகளுக்கானது என்பது லியாண்டரின் தீர்மானம். அதைத் தேநீரில் ஊற்றுகிறவர்களை அவர் வெறுத்ததில்லை. அவர்களுக்கும் ஓட்டுரிமை இருக்கிறதே என்று மட்டும் எப்போதாவது கவலைப்படுவார்.

தேநீருக்குத் துணை டூட்டன். ராத்திரி பிசைந்து வைத்துப் பொங்கிய ரொட்டி மாவை ஒரு பிடி கிள்ளித் தட்டி, உப்புப் பன்றிக்கொழுப்பு உருகிச் சிடுசிடுக்கும் வாணலியில் போட்டு, இரு பக்கமும் சிவந்ததும் எடுத்து, மேலே கருத்த வெல்லப்பாகை ஊற்றிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன். எங்கள் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீன் என்றால் காட் மட்டும்தான். மற்றதையெல்லாம் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். அந்த மீனைப் பிடித்துத்தான் லியாண்டரின் வாலிபம் போனது. ஒருநாள், மீன் அருகிப்போனதால் இனி பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் கடலை மூடிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். கடலை எப்படி மூடுவீர்கள் என்று லியாண்டர் வானொலியைப் பார்த்துக் கேட்டார். பதில் இன்னும் வரவில்லை. அதன்பின் தீவுகளுக்குப் போய்வரும் பயணிகள் படகில் கயிறு கட்டும் வேலை பார்த்து, முழங்கால் தேய்ந்ததும் ஓய்வு பெற்றார்.

அவருடைய காலைத் தேநீரின் மிக முக்கியமான உறுப்பை இன்னும் சொல்லவில்லை. அது ஏசா கீப்பிங்.

ஏசா எதிர்ச்சந்தில் தனியாக இருக்கும் பிரம்மச்சாரி. தினமும் விடிந்ததும் ரப்பர் பூட்சோடு வருவார், வெளியிலிருந்தே திறக்கிற பின்கதவுத் தாழ்ப்பாளைத் தூக்குவார், அடுப்படியில் கிடக்கும் சாய்வுக் கட்டிலில் உட்காருவார். லியாண்டர் ஒரு கோப்பையில் ஊற்றி அவர் கையில் கொடுப்பார். முதல் கோப்பை முடியும்வரை இருவரும் பேசுவதில்லை. இரண்டாவதில் சண்டை ஆரம்பிக்கும்: காற்று எந்தப் பக்கம் திரும்பும், ஏசாவின் படகு இன்ஜின் மனிதர் செய்ததா சாத்தான் செய்ததா, போன வருஷம் கடமான் எந்தக் குளத்தங்கரையில் நின்றது. ஏசா தன் வீட்டிலேயே தேநீர் குடிக்கலாமே என்றால், குடிக்க முடியாது. அவர் டீ பையைக் கோப்பையில் போட்டுக் கரண்டியால் நெஞ்சை மிதிப்பதுபோல் நசுக்கிப் பிழியும் ஆள். அது அவருக்கே தெரியும்.

லியாண்டரின் மனைவி செலினாவை மண்ணில் வைத்த மறுநாள் காலையும் தாழ்ப்பாள் தூக்கப்பட்டது. ஏசா வந்து உட்கார்ந்தார். அடுப்பு எரியவில்லை, லியாண்டர் நாற்காலியில் சும்மா இருந்தார். ஏசா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "என்னடா, இன்னிக்கு டீ கெடையாதா?" என்றார். லியாண்டருக்கு அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா? அந்தக் கோபத்தில் எழுந்து, விறகை உடைத்து, அடுப்பை மூட்டி, கூஜாவை ஏற்றினார். அதன்பின் ஒரு காலையும் அடுப்பு மூட்டாமல் விடவில்லை. வயதான ஆண்பிள்ளை தனியாக ஒரு வீட்டில் எழுந்து உட்கார ஏதாவது ஒரு காரணம் வேண்டும். லியாண்டருடைய காரணம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தது.

இந்த நிலையில்தான் மருமகள் மெரிடித் வந்து சேர்ந்தாள்.

மகன் கிளேட்டன் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மண் தோண்டுகிறான். மூன்று வாரம் அங்கே, அப்புறம் கொஞ்ச நாள் இங்கே. ஒன்ராறியோவில் பிறந்து வளர்ந்த மெரிடித்துக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வீட்டுக்கு வெள்ளையடித்தாள், மேல்மாடி அறைகளில் பூப்போட்ட போர்வை விரித்தாள், பனிமலைகள் கடலில் மிதந்து வருவதைப் பார்க்க வருகிறவர்களுக்கு விடுதியாக்கினாள். விடுதிக்கு 'அசல் கடலோரச் சமையலறை' என்று பெயர். அவள் சோம்பேறி என்று அவளுடைய எதிரிகூடச் சொல்ல மாட்டான். ராத்திரியே மாவு பிசைந்து வைப்பாள், விடியுமுன் எழுந்து டூட்டன் பொரிப்பாள். ஆனால் அதன்மேல் வெல்லப்பாகுக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரைப் பொடியைத் தூவி, ஓரத்தில் ஒரு புதினா இலையைச் செருகுவாள். அந்த இலையைப் பார்க்கும்போதெல்லாம் லியாண்டர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

கோடைத் தொடக்கத்தில் மருத்துவமனையில் லியாண்டரின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் ஏதோ கொழுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நிலைமை இப்படி ஆனது: டொராண்டோவிலிருந்து வந்தவர்கள் லியாண்டரின் மேஜையில் லியாண்டரின் டூட்டனைத் தின்று, "அடடா, இதுவல்லவா அசல்!" என்பார்கள். லியாண்டர் அதே மேஜையின் கோடியில் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சியைக் குடிப்பார். அருகே கண்ணாடிக் கோப்பையில் மெரிடித் வைத்த பச்சைத் தேநீர்.

"இது என்னம்மா?" என்று முதல் நாள் கேட்டார்.

"கிரீன் டீ, அப்பா. இதயத்துக்கு நல்லது."

"படகு அடியில தேங்குற தண்ணி இந்தக் கலர்லதான் இருக்கும். அத நாங்க எறச்சுக் கடல்ல கொட்டிடுவோம்."

"அப்பா, ப்ளீஸ்."

அவர் மேற்கொண்டு சண்டை போடவில்லை. கூஜா இன்னும் அடுப்பின் பின்மூலையில் இருந்தது. ஏசாவும் சாய்வுக் கட்டிலில் இருந்தார். விருந்தாளிகள் மாடியிலிருந்து இறங்குமுன் இருவரும் இரண்டு கோப்பை முடித்துவிடுவார்கள். மனிதனுக்கு இது போதும் என்று லியாண்டர் கஞ்சியைப் பொறுத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை லியாண்டர் விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தார். ஏசா வழக்கம்போல் வந்து கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். ஒட்டாவாவிலிருந்து வந்திருந்த பல் டாக்டரம்மா, தூக்கம் வராமல், இரவு உடையோடு தண்ணீர் குடிக்க இறங்கி வந்தாள். தாடியும் பூட்சுமாக ஒரு கிழவர் கிடப்பதைப் பார்த்து அவள் படியிலேயே நின்றபோது, ஏசா அன்போடு, "கண்ணு, டீ அடுப்புல இருக்கு. ஊத்திக்கோ," என்றார்.

அவள் போட்ட கூச்சலில் கடற்கழியின் அக்கரையில் நாய்கள் குரைத்தன. அம்மாவுக்குப் பல்வலி போலிருக்கிறது என்று நினைத்து ஏசா இரண்டாவது கோப்பைக்குக் காத்திராமல் நாகரிகமாக எழுந்து போய்விட்டார்.

அன்று மத்தியானம் மெரிடித் லியாண்டரை உட்காரவைத்துப் பேசினாள்.

"அப்பா, காலைல சமையலறை விருந்தாளிகளுக்குன்னு வச்சுக்கலாம். உங்களுக்கு முன்னறைல மேஜை போட்டுட்டேன். ஜன்னல் வழியா கடல் தெரியும். ஏசாவும் அங்க வரட்டும், நிம்மதியாப் பேசிக்கிட்டு இருங்க. சரியா?"

முன்னறை! சைலஸ் ஆர்மில் முன்னறை என்பது பாதிரியார் வந்தால் உட்காரவும், வீட்டில் யாராவது செத்தால் கிடத்தவும் உள்ள இடம். லியாண்டரின் தாத்தா அங்கே கிடந்தார், அப்பா கிடந்தார், செலினா கிடந்தாள். அந்த அறையில் காலை வேளையைக் கழித்தவர்களில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த முதல் ஆள் லியாண்டர்தான். முன்கதவு என்று ஒன்று உண்டு. ஊரில் எல்லா முன்கதவுகளையும் போல அதற்கும் படிக்கட்டு கிடையாது. திறந்தால் ஆள் உயரத்துக்குக் கீழே புல்தரை. ஆகவே அங்கே வர வேண்டுமானாலும் பின்கதவால் நுழைந்து சமையலறையைக் கடந்துதான் வர வேண்டும்.

மறுநாள் விடியற்காலை லியாண்டர் மெரிடித்துக்குத் தெரியாமல் கூஜாவைத் தூக்கிக்கொண்டு முன்னறையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் டின் பால், இரண்டு கோப்பைகள். சுவரில் தாத்தாவின் படம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடல் தெரிந்தது. ஏசா வரவில்லை.

சளி பிடித்திருக்கும் என்று நினைத்தார். அடுத்த நாளும் வரவில்லை. சளி முற்றியிருக்கும் என்று நினைத்தார். அதற்கடுத்த காலை ஜன்னல் வழியே பார்த்தால், ஏசா கீப்பிங் சந்தில் நடந்து போகிறார். சளிக்காரன் நடை இல்லை அது. வீட்டுக்கு நேராக வந்ததும் கழுத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, கடலில் அதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல் கடந்து போனார்.

லியாண்டரின் மூக்கு நுனி சிவந்தது. ஓ, அப்படியா சங்கதி! முன்னறை என்றதும் துரைக்கு வர மனசில்லையோ? என் தேநீரைக் குடித்தே வளர்ந்த உடம்பு. அந்த உடம்பில் ஓடுவது ரத்தமா, என் வீட்டு டின் பாலா? வாங்கிப் போன துரப்பணம் இன்னும் திரும்பி வரவில்லை. கடமான் கறியில் பின்தொடை தருவதாகச் சொல்லிவிட்டுக் கழுத்தைத் தந்தான். செலினா இருந்தபோது ஒருமுறை அவளுடைய டூட்டன் கொஞ்சம் கனம் என்று சொன்னான். இத்தனையையும் லியாண்டர் தாத்தா படத்திடம் வரிசையாக எடுத்துச் சொன்னார். இரண்டு கோப்பைகளிலும் ஊற்றி, தன்னுடையதைக் குடித்தார். மற்றது ஆறி ஆடை கட்டியது. ஆடை கட்டிய தேநீரைப்போல மனிதனுக்கு எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறில்லை.

அன்றைக்கே டின் பால் கடைசி டப்பாவுக்கு வந்துவிட்டதால் ட்ரிஃபியின் கடைக்குப் போனார். கடையும் தபாலும் செய்தியும் ட்ரிஃபி ஒருத்தியிடம்தான். அவள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க மாமா. உங்களுக்கு இவ்வளவு கல்மனசுன்னு நான் நெனைக்கல."

"என்ன பொண்ணே சொல்ற?"

"அந்த மனுஷன வாசல்லயே நிக்கவச்சு அனுப்பிட்டீங்களாமே."

"எந்த மனுஷன?"

"ஏசா மாமாவத்தான். தாழ்ப்பாளத் தூக்கினாராம், கதவு அசையல. மழையில மரம் ஊறிப்போச்சோன்னு தோளக் குடுத்துத் தள்ளினாராம், அசையல. உள்ளேருந்து பூட்டியிருக்குன்னு புரிஞ்சதும் மனுஷன் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டுத் திரும்பிட்டாராம். நேரா இங்க வந்து டீ பை வாங்கிட்டுப் போனாரு."

"டீ பையா?"

"பெரிய பெட்டி, மாமா."

லியாண்டர் கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பெட்டி என்றால் கோபம். நாலு நாளில் தீரும். பெரிய பெட்டி வாங்கியவன் சாகும்வரை அதைக் குடிக்கத் தீர்மானித்துவிட்டான்.

ஏசா ஏன் கதவைத் தட்டவில்லை என்று லியாண்டரும் கேட்கவில்லை, ட்ரிஃபியும் சொல்லவில்லை. சைலஸ் ஆர்மில் கதவைத் தட்டுகிறவர்கள் மூன்று வகை: போலீஸ்காரர், ஓட்டுக் கேட்க வருகிறவர், கிறிஸ்துமஸ் சமயத்தில் முகத்தை மூடி வேஷம் கட்டி, யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகவே தட்டுகிறவர்கள். ஏசா இந்த மூன்றிலும் சேர்த்தியில்லை.

டின் பாலை வாங்க மறந்து லியாண்டர் வீடு திரும்பினார். பின்கதவின் உள்பக்கம், கண் மட்டத்துக்கு மேலே, புத்தம் புதிய பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று பளபளத்தது. இத்தனை நாள் முன்னறையில் அடைபட்டுக் கிடந்ததில் அதை அவர் கவனிக்கவே இல்லை. மெரிடித் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு போட்டது?"

"நான்தான், அப்பா. விருந்தாளிங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தான் போட்டிருப்பேன். அப்புறம் எடுத்துடுவேன். அன்னிக்கு அந்தம்மா பயந்துட்டாங்கல்ல."

"ஏசா வந்திருக்கான்."

"எப்போ? நான் மாடில இருந்திருப்பேன், எனக்குத் தெரியாதே. தட்டியிருந்தாத் திறந்திருப்பேனே."

"தட்டுறதா?"

"ஆமா. கதவு பூட்டியிருந்தாத் தட்டணும். நாகரிகம்தானே அது?"

"நாகரிகமா? நான் இந்த வீட்டுக்குள்ள வரலாமா, கூடாதா, என்னைப் பிடிக்குதா, பிடிக்கலியான்னு வெளியே நின்னு கேக்குறதுதான் தட்டுறது. போலீஸ்காரன் கேப்பான், அவனுக்கு வெக்கம் இல்ல. ஏசா எங்கிட்ட அதக் கேக்கணுமா? இந்த வயசுலயா?"

"அப்பா, அவர் கைய மடக்கி ரெண்டு தட்டு தட்டுறதுல என்ன கொறஞ்சு போகுது? சொல்லுங்க!"

"என்ன கொறையுமா? மிச்சம் என்ன இருக்குன்னு கேளு!"

மெரிடித் கையைத் துடைத்துக்கொண்டு கிளேட்டனுக்குப் போன் போட்டாள். நியாயம் யார் பக்கம் என்று அவனே சொல்லட்டும் என்று ஒலிபெருக்கியை வேறு திறந்துவிட்டாள். ஆல்பர்ட்டாவில் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"கிளேட்டன், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டதுக்கு உங்கப்பா என்னக் கொலைகாரி மாதிரி பாக்குறாரு. நீயே சொல்லு."

"எந்தக் கதவுக்கு?"

"பின்கதவுக்கு."

"மெரிடித், பகல்லயா? வீட்ல ஆள் இருக்கும்போதா?"

"நீயுமா?"

"ஏசா மாமா வந்தாரா?"

"வந்து, தட்டாமப் போயிட்டாராம்."

"ஐயோ, மெரிடித்," என்றான் கிளேட்டன்.

அவள் போனை வைத்தாள். முகம் ஜிவ்வென்று சிவந்திருந்தது. "நான் இந்த வீட்டுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு? தட்டக் கூடாதுன்னு ஒருத்தராவது வாயத் திறந்து எனக்குச் சொன்னீங்களா? எல்லாரும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு, நான் தப்புப் பண்ணட்டும்னு காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

மூச்சு விடுவது எப்படி என்று லியாண்டர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. இதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியதே இல்லை. வந்த ஆத்திரத்தில் திருப்புளியை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினார். படகுத்துறைக்குப் போய், தேய்ந்த முழங்கால் அனுமதித்த மட்டும் கையை ஓங்கி, அதைக் கடலில் எறிந்தார். கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கலாம் என்று தோன்றியது. பரவாயில்லை, ஆழம் போதும்.

அப்படியே ஏசாவின் வீட்டுக்குப் போனார். தாழ்ப்பாளைத் தூக்கியதும் கதவு திறந்துகொண்டது. ஏசா மேஜையருகே உட்கார்ந்திருந்தார். எதிரே டீ பைகளின் பெரிய பெட்டி, சட்டமன்றத்தில் சபாநாயகர்போல. அவர் எழுந்து நின்றார். ஏசா யாருக்கும் எழுந்து நின்று லியாண்டர் பார்த்ததில்லை.

"வாங்க, மிஸ்டர் ஸ்னூக்," என்றார் ஏசா. "உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?"

லியாண்டருக்குக் காது இரண்டும் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. எங்கள் ஊரில் தேநீர் கொடுப்பார்கள். வேண்டுமா என்று கேட்க மாட்டார்கள். கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போ என்று பொருள். கதவை முகத்தில் அறைந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. சாப்பிடுகிறேன் என்று சொன்னால் அவர் மிஸ்டர் ஸ்னூக் ஆகிவிடுவார். வேண்டாம் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது.

அவர் இரண்டையும் சொல்லவில்லை. சுவர் ஆணியில் தொங்கிய கோப்பையைத் தானே எடுத்தார். பெட்டியில் கையை விட்டு டீ பை ஒன்றை எடுத்து, போதாதென்று இன்னொன்றையும் எடுத்து, கோப்பையில் போட்டுக் கெட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றினார். கரண்டியால் நசுக்கிப் பிழிந்தார். தன் கை அந்தக் காரியத்தைச் செய்கிறதே என்ற அவமானத்தைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டார். குடித்தார்.

ஏசா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு."

"தெரியும்."

"பின்ன எதுக்குடா பெரிய பெட்டி வாங்கின?"

"கோவத்துல."

ஏசா உட்கார்ந்தார். லியாண்டரும் உட்கார்ந்தார். கோப்பை முடியும்வரை இருவரும் பேசவில்லை. முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"நான் பூட்டலடா," என்றார் லியாண்டர்.

"பூட்டினது யாருன்னு எனக்கெப்படித் தெரியும்? கதவு பேசுமா?"

"நாளைக்கு வா."

"அந்தத் தாழ்ப்பாள்?"

"கடல்ல கெடக்கு."

"மருமக?"

"வீட்ல இருக்கா. அவளத் தூக்கி எறிய முடியாது, முழங்கால் சரியில்ல."

மறுநாள் லியாண்டர் முன்னறைக்குப் போகவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மெரிடித் அவருக்கு முன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, கூஜாவில் தானே தேநீர் போட்டு வைத்திருந்தாள். குட் மார்னிங் சொல்லவில்லை. வின்னிபெக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி மேஜையில் புதினா இலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பனிமலை எந்தப் பக்கம் தெரியும் என்று லியாண்டரிடம் கேட்டார்கள். அவருக்குக் காதில் விழவில்லை. அவர் காது முழுக்கக் கதவின் பக்கம் இருந்தது.

வெளியே பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. கொஞ்சம் அதிக நேரமே நின்றது. அப்புறம் பழைய தாழ்ப்பாள் தூக்கப்பட்டது. கடல் மூடுபனியோடு ஏசா உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் சாய்வுக் கட்டிலுக்குப் போய், அங்கே கிடந்த வின்னிபெக் அம்மாவின் மழைக்கோட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

மெரிடித் அடுப்பருகே நின்றாள். லியாண்டர் அவள் வாயையே பார்த்தார். 'மிஸ்டர் கீப்பிங், டீ சாப்பிடுறீங்களா?' என்று அவளுக்கே உரிய நாகரிகத்தோடு இப்போது ஒரு வார்த்தை கேட்டால் போதும். மனுஷன் எழுந்து போய்விடுவான், இந்த முறை திரும்பி வர மாட்டான். அவளோ கோபத்தில் யாரிடமும் பேசும் நிலையில் இல்லை. ஒரு கோப்பையை எடுத்தாள், ஊற்றினாள், டின் பாலைக் கவிழ்த்தாள், கொண்டுபோய் ஏசாவின் கையில் திணித்தாள்.

ஏசா ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"பொண்ணே, தேயிலைய உள்ள போட்டியா, இல்ல கூஜாவுக்குத் தூரத்துலேருந்து காட்டினியா?"

மெரிடித் திரும்பினாள். லியாண்டர் அவளை இப்படிப் பார்த்ததில்லை. மூக்கு நுனி செக்கச்செவேல் என்றிருந்தது.

"கேக்காமக் கொள்ளாம என் சமையலறைக்குள்ள வருவீங்க! சேத்துப் பூட்சோட நான் தொடச்ச தரைய மிதிப்பீங்க! விருந்தாளி கோட்டத் தள்ளிட்டு உக்காருவீங்க! அதுக்கு மேல என் டீயில குத்தம் வேற சொல்லுவீங்களா? யாரு நீங்க?"

"ஏசா," என்றார் ஏசா.

"தெரியும்!" என்று கத்தினாள். தேயிலை டப்பாவைப் பிடுங்கி, கூஜாவின் மூடியைத் திறந்து, ஒரு பிடி, இன்னொரு பிடி, ஆத்திரத்துக்கு மூன்றாவதாக ஒரு பிடி அள்ளிப் போட்டாள். கூஜாவை அடுப்பின் நடுத்தணலில் நங்கென்று வைத்தாள். "கொதிக்கட்டும்! கொதிச்சுக் கொதிச்சுத் தாராப் போகட்டும்! அப்புறம் ரெண்டு பேரும் குடிச்சுத் தொலைங்க. சாயங்காலம் வரைக்கும் எறக்க மாட்டேன்!"

லியாண்டர் பதில் சொல்லப் பயந்து தலையைக் குனிந்துகொண்டார். ஏசாவும் குனிந்துகொண்டார். கூஜா முனக ஆரம்பித்தது. வின்னிபெக் ஆள் மட்டும் மெதுவாகக் கையை உயர்த்தி, தனக்கும் அதிலே ஒரு கோப்பை கிடைக்குமா என்று கேட்டான்.

"சும்மா இருங்க சார், அது இன்னும் ஆகல," என்றாள் மெரிடித்.